பாஸ்போர்ட் படமும் பழனி மொட்டையும்

இது நடந்தது 1930-களின் நடுவில், கோயம்புத்தூர் கலெக்டர் கச்சேரியில், ஆவணி மாதத்து முற்பகல் ஒன்றில். அப்போது நான் அந்நகரில் ஓரளவு பெயர் பெற்ற வக்கீல். மாநிலக் கல்லூரிப் பட்டமும் சட்டப் பட்டமும் பெற்றவன். ஜரிகைக் கரையிட்ட தலைப்பாகை இல்லாமல் நான் வீதியில் இறங்கியதில்லை. நகரத்தில் நாலு பேர் என்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்பது எனக்கு அற்ப விஷயமாக இருந்ததில்லை, இன்றும் இல்லை.

பைகாரா மின்சாரம் வந்த புதிது. அவினாசி சாலையிலும் திருச்சி சாலையிலும் புதிய பஞ்சாலைகளின் சுவர்கள் எழும்பிக்கொண்டிருந்தன. ஆலைகள் நம்மவர்களுடையவை, ஆனால் இயந்திரங்களின் நுணுக்கம் தெரிந்தவர்கள் இங்கிலாந்திலிருந்து வந்தார்கள். அந்த நிலையை மாற்றவேண்டும் என்று துடித்தவன், என் சிற்றப்பா மகளின் மூத்த மகன். என் வீட்டில் தங்கிக் கல்லூரியில் படித்துத் தேறியவன். மாஞ்செஸ்டரில் நூற்புத் தொழில் படிக்க அவன் விண்ணப்பித்து, இடமும் கிடைத்துவிட்டது. கடிதம் வந்த அன்று அவன் என் அலுவலக அறைக்குள் செருப்போடு ஓடிவந்தான். வேறொரு நாளாயிருந்தால் கண்டித்திருப்பேன்.

அவனுக்கு நான் தாய்மாமன் முறை. எனவே அவனைக் கப்பலேற்றும் பொறுப்பு முழுவதையும் ஏற்றுக்கொண்டேன். ஆனால் அவனுடைய தந்தை, அதாவது என் மைத்துனர், வெள்ளகோவில் பக்கம் பெரிய பண்ணைக்காரர், லேசில் இசையவில்லை.

“பஞ்சு நம்ம காட்டுல வெளையுது. நூக்கற மில்லு நம்மூர்லயே இருக்குது. நடுவுல இவன் எதுக்குங்க மச்சான் சீமைக்குப் போகோணும்?” என்றார். “நாளைக்கு ஒரு வெள்ளக்காரியக் கூட்டீட்டு வந்து நின்னான்னா, அவளுக்குக் கம்மஞ்சோறு ஆக்கத் தெரியுமான்னு யாரு கேக்கறது? நீங்க கேப்பீங்களா?”

பல நாள் வாதத்துக்குப் பிறகு ஒரு நிபந்தனையின்மேல் இறங்கிவந்தார். “செரி, பதிவு பண்ணுன கப்பல்ல போனாப் போகட்டும். அது தப்பிப்போச்சுன்னா அப்பறம் இந்தப் பேச்சே எடுக்கப்படாது. தை மாசம் கண்ணாலம், பண்ணையத்தப் பாக்கோணும்.”

அவர் சொன்ன சொல்லை மாற்றாதவர் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். பம்பாயில் புறப்படும் அந்த ஒரு கப்பலை விட்டால் கல்லூரி திறப்பதற்குள் போய்ச் சேரவும் வழியில்லை. ஆகவே எல்லாம் அந்தக் கப்பலைப் பொறுத்திருந்தது.

அதன்பின் என் வீடு கல்யாண வீடு போலாயிற்று. கோவை வெயிலில் தையற்காரர் கம்பளிக் கோட்டுக்கு அளவெடுத்தார். அரிசிப் பருப்பு சாதப் பொடியும் ஊறுகாயும் டின்களில் அடைக்கப்பட்டன. முள்கரண்டி பிடிக்கும் முறையை நானே அவனுக்குக் கற்றுக்கொடுத்தேன். உருளைக்கிழங்கு தீர்ந்த ஒரு நாள் இட்லியில் பயிற்சி நடந்தது. அதை வாயிற்படியில் நின்று பார்த்த என் மைத்துனர், “குத்திக் குத்தித் திங்கறதுக்குத்தான் மச்சான் பி.ஏ. படிச்சீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவரே மறுநாள் பையனுக்கு மூன்று ஜதை பூட்ஸ் வாங்கி வந்து, ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டுப் போனதையும் கவனித்தேன்.

பாஸ்போர்ட்டுக்கான படத்தை நகரத்தின் நல்ல ஸ்டூடியோ ஒன்றில் எடுத்தோம். எண்ணெய் தடவிப் படிய வாரிய அடர்ந்த கிராப்பு, முறுக்கிய மீசை, என்னுடைய கோட்டு. சினிமாக்காரன் போல இருந்தான். படத்தின் பின்புறத்தில், இது இன்னாருடைய உண்மையான சாயல் என்று அத்தாட்சி எழுதிக் கையொப்பமிட்டவன் நான். போலீஸ் விசாரணையும் தாசில்தார் விசாரணையும் முடிந்தன. சென்னைக்குப் போன மனு திரும்பி, பாஸ்போர்ட் கலெக்டர் கச்சேரிக்கு வந்துவிட்டதென்றும், உரியவர் நேரில் வந்து பெற்றுக்கொள்ளவேண்டுமென்றும் தகவல் வந்தது. கப்பலுக்கு ஒரு வாரத்துக்குச் சற்றே அதிகமாக இருந்தது.

உடனே போய் வாங்கிவிடலாம் என்று நான் கிளம்பியபோது என் தங்கை தடுத்தாள். சிற்றப்பா மகளென்றாலும் அவளைத் தங்கையாகவே பாவிப்பேன்.

“ஏனுங்ணா, சர்க்கார் ஒத்துக்கிட்டா மொட்டை அடிக்கறேன்னு பழனியாண்டவனுக்கு நேந்துபோட்டேனுங்க. கடனத் தீக்காம அந்தக் காயிதத்தக் கையில தொடப்படாதுங்க.”

நியாயமென்றே பட்டது. காரில் பழனிக்குப் போனோம். அடிவாரத்து முடிக் கொட்டகையில் பையன் உட்கார்ந்ததும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

“அண்ணா, உங்களையும் சேத்துத்தான் நேந்துக்கிட்டேனுங்க. மாமன் முடியும் மருமவன் முடியும் ஒண்ணா எறக்கறதா வேண்டுதல். முன்னாலயே சொன்னா நீங்க காரெடுக்க மாட்டீங்கன்னுதான் சொல்லலீங்க.”

நான் வக்கீல். எனக்குத் தெரியாமல் என் தலைமுடியை வேறொருவர் சாமிக்கு எழுதிவைக்க முடியாது என்று சட்டப்படி வாதாடியிருக்கலாம். ஆனால் தாய்மாமன் பொறுப்பை ஏற்றுக்கொண்ட பிறகு, கோயில் வாசலில் நின்று பின்வாங்குவது எங்கள் பக்கத்தில் நடக்காத காரியம். உட்கார்ந்தேன். நாவிதர் மருமகனின் மீசையையும் சேர்த்து எடுத்துவிட்டார். தரிசனம் முடித்துத் திரும்பும்போது, தலைப்பாகை இருக்கிறது, முடி வளரும்வரை கிளப்புக்குப் போகாமல் இருந்துவிட்டால் நகரத்தில் ஒருவருக்கும் தெரியவராது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். பாஸ்போர்ட் படத்தைப் பற்றி எங்கள் மூவரில் ஒருவரும் நினைக்கவில்லை.

மறுநாள் கச்சேரிக்குப் போனோம். மைத்துனரும் ஊரிலிருந்து வந்திருந்தார். அவரும் தங்கையும் தாழ்வாரத்தில் நிற்க, நானும் பையனும் உள்ளே போனோம். பாஸ்போர்ட் வழங்கும் பொறுப்பில் இருந்தவர் இளம் ஆங்கில அதிகாரி ஒருவர். கிளப்பில் வாரந்தோறும் என்னோடு டென்னிஸ் ஆடுகிறவர். கைகொடுத்து வரவேற்றார். பிறகு பாஸ்போர்ட்டைப் பிரித்துப் படத்தைப் பார்த்தார். எதிரே சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு, மீசையில்லாமல் நின்ற பையனைப் பார்த்தார். மீண்டும் படத்தைப் பார்த்தார்.

“விண்ணப்பதாரர் எங்கே?” என்று கேட்டார்.

இவர்தான் என்றேன். பழனியைச் சொன்னேன், வேண்டுதலைச் சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். ஆனால் படத்தில் இருப்பவரிடம்தான் இதைக் கொடுக்கமுடியும், இந்த முகத்துக்கும் அந்தப் படத்துக்கும் ஒற்றுமை தெரியவில்லை என்றார். துறைமுகத்திலும் இதே கேள்வி எழும் என்றார். பக்கத்தில் நின்ற ஹெட் கிளார்க், புதிய படம் எடுத்து, அத்தாட்சி எழுதி, மறுபடி சென்னைக்கு அனுப்பினால் போதும் என்று யோசனை சொன்னார். அது திரும்பி வருவதற்குள் கப்பல் ஏடன் துறைமுகத்தைத் தாண்டியிருக்கும்.

நான் கையொப்பமிட்ட அத்தாட்சி பொய்யாகுமா என்று சற்று உரக்கவே கேட்டேன். அவர் பாஸ்போர்ட்டை மூடி மேசைமேல் வைத்தார். அது என்னைச் சுட்டது. அதற்குமேல் ஓர் அதிகாரியின் முன் கெஞ்சி நிற்பது என் தகுதிக்கு ஏற்றதல்ல என்று எழுந்தேன். பையன் நகரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தான். கதவருகே வந்த என்னிடம் தாழ்வாரத்திலிருந்து தங்கை கேட்டாள்:

“குடுத்துட்டாங்களாண்ணா?”

விஷயத்தைச் சொன்னேன். மைத்துனர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “செரி, நம்மூட்டுக்கே போலாம்” என்றார். தங்கை அவர் பக்கம் திரும்பவே இல்லை.

“உங்க தலையக் காட்டுங்ணா,” என்றாள். “தொரைக்கு உங்களத் தெரியுமல்ல. அவரு பாக்கட்டும். முடி போச்சுன்னா ஆளே மாறிப்போவாங்கன்னு அப்பத் தெரியுமுங்க.”

தாழ்வாரம் நிறையக் கூட்டம். என் கட்சிக்காரர்கள் இருந்தார்கள். என் எதிர்க்கட்சிக்காரர்களும் இருந்தார்கள். மற்ற வக்கீல்களின் குமாஸ்தாக்கள் தூணில் சாய்ந்து நின்றார்கள். சபையில் தலைப்பாகையை அவிழ்ப்பது என்றால் அந்நாளில் என்ன பொருள் என்பதை இன்றைய வாசகர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். அவிழ்க்கலாமா என்று ஆலோசித்ததாக எனக்கு நினைவில்லை. கை தானாக மேலே போயிற்று. ஜரிகைத் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, திறந்த கதவின் நடுவே, அதிகாரியின் பக்கம் திரும்பினேன். சந்தனம் இன்னும் தலையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“கடவுளே, நீங்கள்தானா? குரல் மட்டும் கேட்டிராவிட்டால், யாரோ அத்துமீறி உள்ளே வருகிறார் என்று வெளியே அனுப்பச் சொல்லியிருப்பேன்,” என்றார்.

பிறகு பையனைச் சன்னல் வெளிச்சத்துக்கு அழைத்தார். படத்தின் கிராப்பைக் கட்டைவிரலாலும் மீசையைச் சுண்டுவிரலாலும் மறைத்துக்கொண்டு, அவன் முகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். கடைசியில், “காதுகள் மாறவில்லை,” என்றார்.

ஹெட் கிளார்க் அதைத் தமிழில் சொன்னதும், வாசலுக்கு வந்துவிட்ட தங்கை, வாழ்நாளில் முதன்முறையாக ஒரு வெள்ளைக்காரரோடு பேசினாள். “அது அவங்கப்பன் காதுங்க தொரை. அத எறக்கித் தாரேன்னு சாமிகிட்ட நேந்துக்க முடியாதுங்களே.”

மொழிபெயர்ப்பைக் கேட்டு அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். மைத்துனர் இரண்டு கைகளாலும் தம் காதுகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். விண்ணப்பதாரர் சமய வேண்டுதலின் பொருட்டு முடி இறக்கியிருக்கிறார் என்று ஒரு சிறு குறிப்பை அதிகாரி தாமே எழுதி, முத்திரை வைத்து, பாஸ்போர்ட்டோடு சேர்த்துக் கொடுத்தார். பையன் அதை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டான். ‘தேங்க்யூ சார்’ என்று சொல்லப் பழகியிருந்தவன், “ரொம்பச் சந்தோசமுங்க” என்றுதான் சொன்னான்.

வெளியே வந்தபோது கூட்டத்தில் ஒருவர், “ஏனுங்க, வக்கீலய்யாவும் சீமைக்கே போறாருங்களா?” என்று கேட்டார். தூணோரம் சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்துவிட்டேன் என்பதை வண்டியில் ஏறிய பிறகுதான் உணர்ந்தேன்.

பையன் புறப்பட்ட நாளன்று போத்தனூர் ஸ்டேஷனுக்கு மைத்துனர் பாதி ஊரையே கூட்டி வந்திருந்தார். சீமைக்கு எதற்கு என்று கேட்டவர், எதிரில் வந்த முன்பின் தெரியாத போர்ட்டர்களுக்கெல்லாம், “என்ற பையன் மாஞ்செஸ்டருக்குப் போறானுங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார். வண்டி நகர்ந்தபோது பக்கத்துப் பெட்டியில் இருந்த யாரோ ஒருவருக்கும் அவர் கையசைத்தார். பையன் சன்னலில் தலையை நீட்டி, “மாமா, முள்கரண்டி மறந்துபோட்டேனுங்க” என்று கத்தினான்.

அவன் படிப்பை முடித்துத் திரும்பி, நம் ஆலைகளிலேயே பொறுப்பேற்றது வேறு கதை. என் விஷயத்தில் நான் எதிர்பார்த்ததுதான் நடந்தது. சில மாதங்கள் வக்கீல்கள் சங்கத்தில் என்னை ‘மொட்டை வக்கீல்’ என்றார்கள். எதிர்பாராதது அதன்பின் நடந்தது. கருமத்தம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தார் என்னைத் தேடி வந்தார்கள். மகளை லண்டனுக்கு மருத்துவம் படிக்க அனுப்பவேண்டுமாம். நகரத்தில் இத்தனை வக்கீல்கள் இருக்க என்னிடம் ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். “கச்சேரித் தாழ்வாரத்துல நாங்களும் நின்னுக்கிட்டிருந்தமுங்க” என்றார் அந்தப் பெண்ணின் தந்தை. அவளுக்குப் பின்னும் பலரை அனுப்பினேன். படம் எடுத்த பிறகு யாரையும் பழனிக்கு விடுவதில்லை.

என் மரியாதையைக் காத்துக்கொள்ள நான் வாழ்நாளில் எத்தனையோ காரியங்கள் செய்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை இன்று எனக்கு நினைவில்லை, மரியாதையை முற்றிலும் மறந்து செய்த அந்த ஒரு காரியத்தைத்தான் இன்னும் மகிழ்ச்சியோடு நினைத்துக்கொண்டிருக்கிறேன்.