பூட்டக்காவின் நூறு வீடுகள்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் பூட்டக்கா. பூட்டிய வீட்டை விடவே மாட்டாள் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் மக்களிடம் என்ன பெயர் இருக்கிறது என்று விசாரித்துச் சொல்கிற அலுவலகம் அது. கேள்வித்தாளோடு தெருவில் இறங்கும் பெண்களுக்கு, குறித்துக் கொடுத்த வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டைத் தட்டி வேலையை முடிப்பது கைவந்த கலை. பூட்டக்காவிடம் அந்தப் பருப்பு வேகாது.

"பகல்ல வீட்ல இருக்கறவங்களையே கேட்டுட்டு வந்தா, வேலைக்குப் போறவங்க எல்லாம் இந்த ஊர்லயே இல்லன்னு ஆயிடும்டி. சாயங்காலம் போ. ஞாயித்துக்கிழமை போ. மூணு தடவை போயும் தொறக்கலைன்னா, தொறக்கலைன்னு எழுது."

பெண்கள் முணுமுணுப்பார்கள். ஆனால் போவார்கள். அவளே வெயிலில் நாலாவது மாடி ஏறி இறங்கி வருகிறபோது யார் எதிர்த்துப் பேச முடியும்?

பத்தொன்பது வருடமாக அவள் தற்காலிக ஊழியர்தான். களப் பொறுப்பாளர் வேலை முழுவதையும் செய்வாள். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், இன்னின்னாரை இப்படித் தேர்ந்தெடுத்துக் கேட்டோம் என்பதன் கீழே கையெழுத்தும் போடுவாள். வேலை நிரந்தரமாவது மட்டும் அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று இழுத்துக்கொண்டே போனது. இந்த வருடம் ஒருவழியாக ஆணை தயார். மேனேஜர் அதை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்து, அவள் உள்ளே வரும்போதெல்லாம் விரலால் தட்டிக் காட்டினார். ஆசை காட்டுவதில் அவருக்கு அப்படியொரு சுகம்.

அப்போதுதான் பஸ் கம்பெனி வேலை வந்தது. ஊருக்குள் ஓடுகிற பஸ்ஸெல்லாம் அந்தக் கம்பெனியுடையவை. நிறுத்தத்தில் பஸ் நிற்பதில்லை என்று ஊரெல்லாம் புகார். கம்பெனிக்குக் கெட்ட பெயரைத் துடைக்க வேண்டும். பூட்டக்கா வேறொரு கணிப்பில் அலைந்துகொண்டிருந்த வாரத்தில், மேனேஜர் பத்துப் பெண்களைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். ஓடுகிற பஸ்ஸுக்குள் இரண்டாயிரம் பேரிடம், 'உங்கள் நிறுத்தத்தில் பஸ் ஒழுங்காக நிற்கிறதா?' என்று கேட்டு வந்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பேர் நிற்கிறது என்றார்கள். 'பத்தில் ஒன்பது பேர் பாராட்டு' என்று விளம்பரம்கூட எழுதியாகிவிட்டது. பாக்கி பூட்டக்காவின் கையெழுத்து.

அவள் பக்கத்தைப் படித்தாள். பேனாவை மூடினாள்.

"சார், பஸ்ஸுக்குள்ள இருக்கறவங்கன்னா, பஸ் நின்னு ஏறினவங்க. நிக்காமப் போனதுல விட்டுப்போனவங்க ரோட்ல நிக்கறாங்க. அவங்கள யாரு கேட்டது?"

"அக்கா, ரெண்டாயிரம் பேரு! எப்பவும் நானூறு பேர்தானே கேப்போம்?"

"ரெண்டு லட்சம் பேரைக் கேளுங்க. எல்லாரும் பஸ்ஸுக்குள்ளயே இருந்தா, பதிலும் அதேதான் வரும். எத்தனை பேருங்கறது அப்புறம் சார். யாருங்கறதுதான் மொதல்ல."

மேனேஜர் கண்ணாடியைத் தட்டினார். இந்தத் தடவை தட்டியதில் சுகம் இல்லை, மிரட்டல்தான் இருந்தது. "ஆணையில நானும் இன்னும் கையெழுத்துப் போடலக்கா."

வீட்டுக்கு வந்து கணவரிடம் கொட்டித் தீர்த்தாள். அவருக்கு முடிதிருத்தும் கடை. ஊர் வம்பெல்லாம் கேட்டுக் கேட்டு, எதற்கும் பதறாத மனுஷன்.

"பேசாம போட்டுட்டு வா. ஊர்ல உள்ள பொய்யெல்லாம் உன் ஒரு கையெழுத்துலயா நிக்குது? என் கடையை எடுத்துக்கோ. வர்றவனெல்லாம் உங்க கைராசியே தனின்னுதான் சொல்றான். புடிக்காதவன் அடுத்த தெருவுக்குப் போயிருப்பான், அவன் எங்க என்கிட்ட வந்து..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திக்கொண்டார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானே வாயக் கொடுத்து மாட்டிக்கிட்டேனா?" என்றார்.

மறுநாள் பத்து நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தாள். தனியாகவே வீடு வீடாகக் கேட்டு வருவதாகச் சொன்னாள். மேனேஜர் சிரித்தார். "லீவுல நீங்க என்ன வேணா பண்ணுங்கக்கா."

ஒற்றை ஆளாக நானூறு வீடு ஆகாத காரியம். நூறு போதும் என்று முடிவு செய்தாள். நூறு பேரை மட்டும் கேட்டால், வருகிற கணக்கு நூற்றுக்குப் பத்து கூடவோ குறையவோ தவறலாம். அதையும் ஒளிக்காமல் எழுதிவிடலாம். நகராட்சிப் பட்டியலில் இருபத்து நாலாயிரம் வீடுகள். இருநூற்று நாற்பதுக்கு ஒன்று. எதில் தொடங்குவது என்று தானே தீர்மானித்தால் தெரிந்த தெருப் பக்கமே மனசு சாயும். ஒன்றிலிருந்து இருநூற்று நாற்பது வரை எண் எழுதிய சீட்டுகளைப் பவுடர் டப்பாவில் போட்டுக் குலுக்கினாள். கணவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார். நூற்று முப்பத்தொன்று. பட்டியலில் அந்த வீடுதான் முதல் வீடு.

நடந்தாள். செருப்பு அறுந்தது, தைத்துக்கொண்டு நடந்தாள். பஞ்சாலை முக்கில் நாலு மணிக்கு முப்பது பேர் கை நீட்ட, பஸ் தூசியைக் கிளப்பிக்கொண்டு போனதைக் கண்ணாலேயே பார்த்தாள். ஆனாலும் அவர்களில் ஒருவரிடமும் கேள்வித்தாளை நீட்டவில்லை. தனக்குச் சாதகமானவர்களைப் பொறுக்கி எடுத்தால் அவளுக்கும் மேனேஜருக்கும் என்ன வித்தியாசம்?

எழுபத்து மூன்றாவது வீட்டில் கதவைத் திறந்தவர் மேனேஜரின் மனைவி. ஒரு நிமிடம் இரண்டு பேரும் விழித்தார்கள். திரும்பிவிடலாமா என்று தோன்றியது. பட்டியலில் வந்த வீட்டைத் தாண்டிப் போவது அவள் பிழைப்பிலேயே கிடையாது. வழக்கம்போல, வீட்டில் அடுத்த பிறந்தநாள் யாருக்கு என்று கேட்டாள். யாருக்கு முதலில் வருகிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அது அந்த அம்மாளுக்கே வந்தது.

"பஸ்ஸா? அஞ்சு நாள் ஸ்கூலுக்குப் போறதுல மூணு நாள் நிக்காமப் போறான். டீச்சர் லேட்டுன்னு பசங்களே சிரிக்குது. கார்ல போற மனுஷன்கிட்ட சொன்னா காதுல ஏறுதா?" என்று கொட்டிய அம்மாள், சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "என் பேரு எங்கயும் வராதே?"

"யார் பேரும் வராதும்மா. எல்லாருக்கும் சொல்ற வாக்குதான்."

நூற்றில் நாலு வீடு மூன்று தடவை போயும் திறக்கவில்லை. தொண்ணூற்றாறு பேர் பதில் சொன்னார்கள். பஸ் நிற்கிறது என்றவர்கள் முப்பத்தைந்து பேர். எல்லாவற்றையும், பத்து தவறலாம் என்பதையும் சேர்த்து, ஒரே பக்கத்தில் எழுதி மேனேஜர் முன் வைத்தாள்.

அவர் முகம் கறுத்தது. "யாரு இவங்கல்லாம்? எந்த வேலைவெட்டி இல்லாத கும்பலைப் போய்க் கேட்டுட்டு வந்தீங்க?"

"சீட்டுல வந்தவங்க சார். பத்தையும் சேத்துக் கூட்டிப் பாருங்க, பாதியைக்கூடத் தொடல. தொண்ணூத்தொண்ணு எங்க இருக்கு?"

"வீட்டுப் பட்டியலக் குடுங்க. ஒவ்வொருத்தரா நானே விசாரிக்கறேன்."

"தர மாட்டேன்."

அக்கா மேடமாகிவிட்டாள். "மேடம், பட்டியலக் குடுங்க, இல்ல இந்த ரெண்டாயிரத்துல கையெழுத்துப் போடுங்க. ரெண்டும் இல்லன்னா..." கண்ணாடியைத் தூக்கி ஆணையை வெளியே எடுத்து, கிழிக்கப் போகிறவர் போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

பத்தொன்பது வருடம் அந்தக் காகிதத்தில் இருந்தது. ஒரே ஒரு பெயரைச் சொன்னால் போதும், இந்த மனுஷன் வாயடைத்து உட்கார்ந்துவிடுவார். அந்தப் பெயர் நாக்கின் நுனிவரை வந்தது.

"யாரைக் காப்பாத்தறதுக்கு இவ்வளவு வீம்பு?"

"எனக்குக் கதவத் தொறந்து உண்மையச் சொன்னவங்கள சார். கிழிச்சுக்கோங்க."

கிழிக்கிற சத்தம் கேட்டது. அவள் பேனாவைத் திறந்து, இரண்டாயிரத்தைத் தொடாமல், தன் ஒரு பக்கத்தின் அடியில் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.