கேற்றுக்கு முன்னால் நின்ற கார்

எங்கள் ஒழுங்கை கல்முனைப் பெரிய வீதியிலிருந்து கடற்கரைக்குப் போகிறது. எங்கள் வீட்டிலிருந்து நாலு வளவு தள்ளிப் பள்ளிவாசல். வெள்ளிக்கிழமைகளில் பாங்கு சொல்ல முன்னமே மதிலோரமெல்லாம் வாகனங்கள் நிறைந்துவிடும். சிலர் கதவைச் சாத்திய கையோடு ஓடுவார்கள். சிலர் தங்கள் போன் நம்பரை ஒரு மட்டையில் எழுதி முன் கண்ணாடிக்குள் வைத்துவிட்டுப் போவார்கள். வயதான ஹாஜியார் ஒருவர் பிரேக்கைப் போடாமல் சில்லுக்குக் கல் மட்டும் வைப்பார். "தேவைப்பட்டா கல்ல எடுத்துப்போட்டுத் தள்ளிக்கங்க மகள்" என்று எனக்குச் சொல்லியும் இருக்கிறார்.

அன்றைக்கு எங்கள் கேற்றை மறித்து நிறுத்தியவர் புதியவர். பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்து ஜன்னலோரம் நின்ற நான் அவரைப் பார்த்தேன். வெள்ளைக் கார். இறங்கி, பக்கக் கண்ணாடிகளை மடித்தார். வெயில் படாமல் உள்ளே மட்டை விரித்தார். கதவின் கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். கொஞ்சத் தூரம் போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். காரைச் சுற்றி அத்தனையும் பார்த்தவர் எங்கள் கேற்றைப் பார்க்கவில்லை. தொழுகை முடிந்ததும் எடுத்துவிடுவார், வெள்ளிக்கிழமைகளில் எங்களுக்கு இது பழக்கம்தானே என்று நான் சமைக்கக் குசினிக்குப் போனேன்.

தொழுகைக்கு முந்திய பிரசங்கம், குத்பா, தொடங்கியிருந்தது. ஒலிபெருக்கியில் மௌலவியின் குரல். அறைக்குள்ளிருந்து தங்கச்சி கூப்பிட்டாள். அவளுக்கு எட்டாம் மாதம். அவளுடைய மாப்பிள்ளை கட்டாரில் வேலை செய்வதால் பிள்ளைப்பேற்றுக்காக எங்களோடு இருந்தாள்.

"ராத்தா... எனக்கு என்னமோ செய்யுது."

போய்ப் பார்த்தேன். பாயெல்லாம் இரத்தம். அவள் வயிற்றைப் பிடித்திருந்தாள். வயிறு பலகை மாதிரி இறுகிக் கிடந்தது. உம்மா பின்னால் வந்து பார்த்து, "யா அல்லாஹ், கெதியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ" என்று கத்தினார்.

எங்கள் கார் வளவுக்குள் நின்றது. நான்தான் ஓட்டுவேன். என் கணவருக்கு அம்பாறையில் வேலை, வெள்ளிக்கிழமையும் அங்கேயேதான் தொழுவார். கேற்றைத் திறந்தேன். வெள்ளைக் கார் ஒரு முழம்கூட இடம் விடாமல் நின்றது. கண்ணாடிக்குள் நம்பர் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடி வந்தார்கள். எல்லோரும் சேர்ந்து தள்ளினோம். கியரிலும் பிரேக்கிலும் பூட்டிக் கிடந்த கார் அசையவே இல்லை. அம்புலன்சுக்குப் போன் எடுத்தேன். வேறு ஊருக்குப் போயிருக்கிறதாம், திரும்பினதும் அனுப்புகிறார்களாம். சந்தியில் ஓட்டோக்கள் நின்றன, ஓட்டுகிறவர்கள் தொழுகைக்காகப் பள்ளிவாசலுக்குள் இருந்தார்கள். உள்ளே தங்கச்சி கத்துவது கேட்டது. பிறகு கத்துவது குறைந்தது. அதுதான் எனக்குக் கூடுதல் பயமாக இருந்தது.

ஒரு ஷோலைத் தலையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கு ஓடினேன். உள்ளே இடமில்லாமல் வெளியே பாய் விரித்து ஆண்கள் இருந்தார்கள். "ஆருட வெள்ளைக் கார்? எங்கட கேற்றடியில நிக்கிது, எடுங்க!" என்றேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். குத்பா நேரம் கதைக்கக் கூடாது. ஒருவர் உதட்டில் விரல் வைத்தார். இன்னொருவர் பொறுக்கச் சொல்லிக் கை காட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"என்ட தங்கச்சி சாகப் போறாள்! ஆராவது எழும்புங்களேன்!"

அப்படி ஒரு குரல் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. ஒலிபெருக்கி நின்றுவிட்டது. மௌலவி யாரையோ விட்டு என்னவென்று கேட்கச் சொன்னார். நடந்ததையும் காரின் நம்பரையும் சொல்லி அனுப்பினேன். பிறகு குத்பாவை நிறுத்தி, காரின் நம்பரை அவரே ஒலிபெருக்கியில் சொன்னார். "சொந்தக்காரர் உடன வெளிய வாங்க. ஒரு உயிர் கிடந்து துடிக்கிது."

ஒருவரும் வரவில்லை. மறுபடியும் சொன்னார். ஒருவரும் இல்லை.

முன் வரிசையிலிருந்து ஒருவர் எழும்பினார். பிறகு பலர். "என்ட வாகனத்த எடுங்க" என்றவரின் வேனும் முன்னும் பின்னும் அடைபட்டுத்தான் நின்றது. அவர்கள் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு வெள்ளைக் காரின் பின்பக்கத்தைக் கையால் தூக்கினார்கள். அலாரம் அலறியது. "அல்லாஹு அக்பர்" என்று ஒரு தூக்கு, ஒரு இழுவை. மறுபடியும் ஒரு தூக்கு. பின் பம்பர் மதிலில் இடித்து வெடித்தது. எங்கள் கார் வெளிக்கிடும் அளவுக்கு வழி கிடைத்தது. உம்மாவின் மடியில் தலை வைத்துத் தங்கச்சி பின்சீற்றில் கிடந்தாள். நான் ஹோனிலிருந்து கை எடுக்காமல் ஓட்டினேன். அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனேன். அவள் ஒரு தடவைதான் "ம்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு இரத்தம் ஏற்றினார்கள். உயிர் தப்பினாள். பிள்ளை தப்பவில்லை. பெண்பிள்ளை. தலை நிறைய முடி. பிள்ளை பிறக்க முந்தியே நச்சுக்கொடி பிரிந்துவிட்டது என்றார் டொக்டர். "கொஞ்சம் முந்தி வந்திருந்தா?" என்று கேட்டேன். "அது சொல்ல ஏலாதும்மா" என்றார். அன்று பின்நேரமே அடக்கினார்கள். காரைத் தூக்கியவர்களில் சிலர் கபுறடியில் நின்றதாகக் கணவர் சொன்னார்.

நாங்கள் ஆஸ்பத்திரியில் நின்ற நேரம்தான் அந்த மனிதர் காரை எடுக்க வந்தாராம். பம்பரைக் கண்டு ஒழுங்கையில் நின்று சத்தம் போட்டாராம். பக்கத்து வீட்டுப் பெண் நடந்ததைச் சொன்னதும் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம்.

தங்கச்சி வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள், கையில் பழப்பையோடு அவர் எங்கள் வாசலுக்கு வந்தார். என் கணவர் உள்ளே கூப்பிட்டு இருத்தினார். அவர் கதிரையின் நுனியில் இருந்தார்.

"அண்டைக்கு சாகாமம் ஊர்ப்பக்கம் ஒரு வயல் பார்க்கப் போயிட்டன். வரம்பு ரோட்டால கார் போகாது. கூட்டாளிட மோட்டார் சைக்கிள்ல போனம். பள்ளியடியெண்டா காருக்குப் பாதுகாப்பு எண்டு நினைச்சன்."

தங்கச்சி திரைச்சீலைக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"கேற்றக் காணல்லயா நீங்க?"

அவர் திரையைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தார். "கண்டன் தங்கச்சி. பூட்டியிருந்திச்சு. ஆரும் வெளிக்கிட மாட்டாங்க எண்டு நினைச்சன்."

அவள் உள்ளே போய்விட்டாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். திட்டுவதற்கு எத்தனையோ வார்த்தைகளை நான் சேர்த்து வைத்திருந்தேன். பழப்பையை மட்டும் அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு போனார்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் பாங்கு சொல்ல முன்னமே நான் கேற்றடியில் போய் நிற்பேன். போன கிழமை ஒரு பொடியன் வேனைக் கொண்டுவந்து நிறுத்தப் பார்த்தான். நான் போட்ட சத்தத்தில் பயந்து, இறங்காமலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டான். வெயில் உச்சியில் எரிந்தது.

தங்கச்சி கதவடியில் வந்து நின்றாள்.

"உள்ளுக்கு வாங்க ராத்தா. இனி இந்த வீட்டுல பெறுறதுக்கு ஆரு இரிக்கா?"

நான் போகவில்லை. தொழுகை முடிந்து கடைசி வாகனம் போகும் வரைக்கும் அங்கேயே நின்றேன்.