ஞாயிற்றுக்கிழமை உறுமல்

ஜோகுபாளையத்தில் டிரைவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் முனிகிருஷ்ணன் வண்டியைக் கிளப்பினால் பக்கத்தில் படுத்திருக்கும் நாய் காதைக்கூட அசைக்காது என்று பேர். அந்தப் பேரை அவர் சும்மா வாங்கவில்லை. பீன்யாவில் ஒரு தொழிற்சாலை பஸ்ஸைப் பதினோரு வருடம் ஓட்டியவர். ஷிஃப்டுக்கு நேரமாகிறதென்று, தினமும் விடியற்காலையில் ஜில்லென்று கிடக்கும் இன்ஜினைக் கிளப்பிய கையோடு ஆக்சிலேட்டரை ஓங்கி மிதித்துப் பழகியிருந்தார். ஒரு டிசம்பரில் யஷ்வந்தபுரம் தாண்டும்போது, உள்ளே தேய்ந்துபோன இன்ஜின் இறுகிப் பிடித்துக்கொண்டது. பஸ் நின்றது, வேலையும் போயிற்று. எட்டு மாதம் வீட்டில் உட்கார்ந்து மனைவி பாஞ்சாலியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் யாராவது குளிர்ந்த இன்ஜினை உறுமவிட்டால் அவர் காதைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிடுவார்.

அப்படிப்பட்ட மனிதருக்குத்தான் இந்திராநகர் கிளெமென்ட் வீட்டில் வேலை கிடைத்தது. கிளெமென்டுக்கு முப்பது வயது, கம்ப்யூட்டர் கம்பெனி உத்தியோகம், கல்யாணம் ஆகவில்லை. கட்டிக்கொண்டதெல்லாம் இரண்டே சீட் உள்ள ஒரு சிவப்பு ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரைத்தான். 1997இல் கம்பெனி அவனை நியூஜெர்சிக்கு அனுப்பியது. வீட்டுச் சாவியையும் கார் சாவியையும் முனிகிருஷ்ணனிடம் கொடுத்தான்.

"முனிண்ணா, மாசத்துக்கு ரெண்டு தரம் கே.ஆர். புரம் வரைக்கும் ஓட்டிட்டு வாங்க. அப்புறம் சண்டே சண்டே நான் ஃபோன் பண்ணுவேன். ரிசீவர ஷெட்டு ஜன்னல்ல வெச்சிட்டு, ஸ்டார்ட் பண்ணி ஃபுல்லா மிதிங்க. நான் அங்கிருந்து கேக்கணும்."

"ஸ்டார்ட் பண்ண ஒடனேவா? வேணாம் சார். ஆயில் மேல ஏறி இருக்காது. உள்ள இரும்பும் இரும்பும் தேயும். சூடாவட்டும், அப்புறம் எவ்ளோ வேணா மிதிக்கலாம்."

"அது உங்க பஸ்ஸுக்கு. இது ஸ்போர்ட்ஸ் கார். இதக் கொஞ்சக் கூடாது, மிரட்டணும். வாரா வாரம் மிதிச்சாதான் கரி புடிக்காது."

சம்பளம் கொடுக்கிறவன் இன்ஜினுக்கும் டாக்டராகிவிட்டால் என்ன செய்வது? முனிகிருஷ்ணன் தலையை ஆட்டி வைத்தார்.

முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்கே காரைக் கிளப்பிச் சூடாக்கிக் காத்திருந்தார். ஃபோன் பத்தரைக்கு வந்தது. அதற்குள் பெட்ரோல் பாதி காலி. பக்கத்து வீட்டு மௌரீன் அம்மா, காயப்போட்ட துணியெல்லாம் புகை நாற்றம் என்று சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கத்திவிட்டுப் போனாள். அடுத்த வாரம் சும்மா இருந்தார், ஃபோன் ஏழேகாலுக்கு வந்தது. "ஐஎஸ்டி பில்லு ஓடுது முனிண்ணா, ஜல்தி!" வேறு வழியில்லாமல் மிதித்தார். கார் அலறியது. அன்று மத்தியானம் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"இதுக்கா இப்பிடி மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு கீற?" என்றாள் பாஞ்சாலி. "நம்ம டேப்புல புடிச்சி வெச்சிக்க. கேக்கும்போது போட்டுக் காட்டு."

முனிகிருஷ்ணன் மனைவியை ஒரு நிமிடம் வாயைப் பிளந்து பார்த்தார். இத்தனை வருடம் குடும்பம் நடத்தியும் அவளை அவர் சரியாக எடைபோடவில்லை.

கே.ஆர். புரம் போய் வந்த கையோடு, இன்ஜின் நல்ல சூட்டில் இருக்கும்போது, ஒருமுறை அணைத்துக் கிளப்பி, மூன்று முறை மிதித்து, அவளுடைய அம்மன் பாட்டு கேசட்டின் மேலேயே பதிவு செய்தார்கள். மறு ஞாயிறு ரிசீவருக்குப் பக்கத்தில் டேப்பை வைத்து பட்டனை அமுக்கினார். அமெரிக்காவில் கிளெமென்ட், "ஆஹா!" என்றான்.

பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன். ஒருமுறை நிறுத்த மறந்து, உறுமலுக்குப் பின்னால் உடுக்கைச் சத்தத்தோடு அம்மன் வந்துவிட்டாள். "கோயில்ல மைக் செட்டு சார்" என்று சமாளித்தார். போகப்போக கிளெமென்ட் அதே கேசட்டைக் கேட்டு, "இந்த வாரம் இன்னும் ஸ்மூத்தா இருக்கு" என்று பாராட்டவும் ஆரம்பித்தான். முனிகிருஷ்ணனுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. தெரிந்தால் இந்த வேலையும் போகும். மகள் வீணாவுக்குக் காலேஜ் முடிய இன்னும் இரண்டு வருடம் இருந்தது. ஐம்பது வயதில் இன்னொரு எட்டு மாதம் வீட்டில் உட்கார அவரால் முடியாது.

பதினைந்து மாதம் கழித்து, ஒரு ஜனவரியில் கிளெமென்ட் லீவில் வந்தான். முதல் வேலையாக சிவாஜிநகர் மெக்கானிக் சுந்தரத்தை வரவழைத்து இன்ஜினைச் சோதிக்கச் சொன்னான். சுந்தரம் ஒவ்வொரு சிலிண்டராக அழுத்தம் பார்த்துவிட்டு, "புதுசு மாதிரி கீது சார்" என்றார்.

கிளெமென்டுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா முனிண்ணா? வாரா வாரம் மிரட்டினதோட பலன்! நாளைலேர்ந்து நான் இருக்கிற மூணு வாரமும் தெனம் காலைல நானே மிதிக்கிறேன்."

மறுநாள் காலை ஆறு மணி. பனியில் மூச்சு புகையாக வந்தது. கிளெமென்ட் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். இன்ஜின் கிளம்பியது. அவன் கால் ஆக்சிலேட்டருக்குப் போவதை முனிகிருஷ்ணன் பார்த்தார். வீணாவின் காலேஜ், பாஞ்சாலியின் முகம் எல்லாம் ஒரே நொடியில் வந்து போயின. ஜன்னலுக்குள் கையை விட்டுச் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டார்.

"மிதிக்காதீங்க சார். ஜில்லுனு இருக்கறப்ப நான் ஒரு தரத்துக்கு மேல மிதிக்கவே இல்ல. நீங்க கேட்டதெல்லாம் டேப்பு."

"என்ன டேப்பு?"

அவர் ஒன்றுவிடாமல் சொன்னார். கிளெமென்ட் ஸ்டியரிங்கை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அந்த மைக் செட்டு?"

"பாஞ்சாலியோட பாட்டு சார்."

கிளெமென்ட் கதவைத் திறந்து இறங்கினான். முனிகிருஷ்ணன் சட்டைப்பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து நீட்டினார். அவன் அதைப் பார்க்காமல் சுற்றிவந்து பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டான்.

"நீங்க ஓட்டுங்க. எப்பிடி ஓட்டணுமோ அப்பிடி."

முனிகிருஷ்ணன் வண்டியை மெதுவாகக் கிளப்பி, மெதுவாகவே ஓட்டினார். அல்சூர் ஏரி ஒரு சுற்று, பழைய மெட்ராஸ் ரோடு, கே.ஆர். புரம். ஊர் முடிந்து சாலை காலியானபோது முனிகிருஷ்ணன் சூடு காட்டும் முள்ளைப் பார்த்தார்.

"இப்ப மிதிக்கலாம் சார்."

"மிதிங்க."

மிதித்தார். பதினோரு வருட பஸ்ஸும் எட்டு மாத வீட்டுச்சிறையும் காலில் இறங்கின. இன்ஜின் வேகம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட, கார் உற்சாகமாக உறுமிக்கொண்டு பாய்ந்தது. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த கிளெமென்ட், வேகம் தணிந்தபின்தான் திறந்தான்.

"வேலை போச்சுன்னு நெனச்சேன் சார்" என்றார் முனிகிருஷ்ணன்.

"இன்ஜின் போயிருந்தா போயிருக்கும்." கிளெமென்ட் டாஷ்போர்டைத் தட்டிக் கொடுத்தான். "ஆனா முனிண்ணா, டேப்புல இதுல பாதிகூட கேக்கல."

"பழைய கேசட்டு சார்" என்றார் முனிகிருஷ்ணன். "வேற நல்லதா ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டுப் போங்க."