காப்பித்தூள் அப்பிய விரல்

காப்பித்தூள் வாசனை வந்ததும் சமையலறைக்கு ஓடினேன். பூனை கடித்த விரலில் மகள் தூளை அப்பிக்கொண்டிருந்தாள்.

"சின்னக் கடிதாம்மா. ரத்தமே வரல."

அவள் கையைப் பற்றினேன்.

சூரியநெல்லி தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில், என் சித்தியும் இப்படித்தான் சொன்னாள். "நாயா கடிச்சிருக்கு? பூனைதானடி!" காப்பித்தூளை வைத்துக் கட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போனாள். மறுநாள் கடிவாய் மூடியிருந்தது. ஆறிவிட்டதென்றே எல்லோரும் நம்பினோம். சாயங்காலம் விரல் பளபளவென்று வீங்கி, சிவப்புக் கோடு ஒன்று முழங்கையை நோக்கி ஏறியது. "உள்ளுக்குள்ள கொதிக்குதுடி" என்று உடம்பு நடுங்கியபடி சொன்னாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது, கொழுந்து கிள்ளும் அந்த ஆள்காட்டி விரல் இல்லை.

மகளின் கையைக் குழாயடியில் பிடித்து, சோப்புப் போட்டுக் கழுவினேன்.

"விடும்மா, வலிக்குது."

ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்வரை அந்த விரலை நான் விடவேயில்லை.