இறங்காத பிள்ளை

விடைத்தாள்களைப் புள்ளி வரிசையில் கொடுப்பது என் வழக்கம். கூடிய புள்ளி முதலில், குறைந்த புள்ளி கடைசியில். பெயரையும் புள்ளியையும் உரக்க வாசிப்பேன். ரோசம் வந்தால்தான் படிப்பு வரும் என்று நம்பியவள் நான். என் கணித பாடத்தில் ஒருவரும் மூச்சுக் காட்டமாட்டார்கள். அதில் எனக்குப் பெருமை வேறு.

சாதாரண தரப் பரீட்சைக்கு நான்கு மாதம் இருந்தது. அப்போது வைத்த சோதனையில் கடைசித் தாளை வாங்கிய பிள்ளை மறுநாளிலிருந்து வகுப்புக்கு வரவில்லை. படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து வருகிறவள். மூன்றாம் நாள் காலை அவளுடைய தாய்க்குப் போன் எடுத்தேன்.

"என்ன டீச்சர் சொல்லுறீங்க? மூணு நாளும் வெள்ளைச் சட்டையோட வந்தவள்தானே! நான்தான் பாதையில ஏத்தி விட்டனான்."

பாதை என்று நாங்கள் சொல்வது ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் அக்கரை இக்கரை கொண்டுபோகும் மிதவையை. அங்கே ஏறியவள் இங்கே வரவில்லை என்றால் நடுவில் இருப்பது தண்ணீர் மட்டும்தான். அதிபரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் துறைக்கு ஓடினேன். கடவுளே, அன்றைக்கு அவளுடைய பன்னிரண்டு புள்ளியை வாசித்துவிட்டுச் சிரிக்க வேறு செய்தேனே!

பாதை வந்துகொண்டிருந்தது. கம்பியோரமாக ஒரு வெள்ளைச் சீருடை. உயிரோடு இருக்கிறாள். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. எல்லாரும் இறங்கினார்கள். அவள் மட்டும் இறங்கவில்லை.

"உங்கட புள்ளயா டீச்சர்?" என்றார் பாதைக்காரர். "மூணு நாளா அங்கால போறா, இங்கால வாறா. பள்ளிக்கூடம் விடுற நேரந்தான் வீட்ட போறா. கேட்டா, ஒரு ஆள் வரவேணுமெண்டு சாட்டுச் சொல்லுறா."

ஏறி அவளருகே உட்கார்ந்தேன். மடியில் கொப்பி. நான் வைத்த சோதனையின் கணக்குகளையே திரும்பச் செய்துகொண்டிருந்தாள். ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் சரி.

"இதையெல்லாம் வகுப்பில ஏன் புள்ள செய்யல்ல?"

"இங்க ஆரும் புள்ளிய வாசிக்கமாட்டாங்க டீச்சர்." குனிந்தபடியே சொன்னாள். "நீங்க மேசைக்கிட்ட வந்தா எனக்கு ஒண்டும் விளங்காது. நான் இனி வரல்ல. சோதினையும் எழுதல்ல."

"இனி ஒருத்தருக்கும் வாசிக்கமாட்டன். நாளைக்கு வாறியா?"

அவள் அடுத்த கணக்கைச் செய்யத் தொடங்கினாள்.

மறுநாள் காலை முதலாவது பாதைக்கே துறையில் நின்றேன். இவள் படிப்பை விட்டுவிட்டால் அது என்னால்தான் என்று பயந்தேன். வகுப்பில் இருக்கும் மற்ற முப்பது பேரில் எத்தனை பேர் உடலை மட்டும் கொண்டுவந்து உட்கார்த்தி வைத்திருக்கிறார்களோ என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

பாதை கரையைத் தொட்டது. அவள் விளிம்பு வரை வந்து நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள், விடைத்தாள் கட்டு இருக்கிறதா என்று. பிறகு தோளில் தொங்கிய பையைப் பார்த்தாள்.

பையைத் திறந்து காட்டினேன். சோற்றுப் பெட்டியும் குடையும்தான் இருந்தன. அதன் பிறகுதான் ஒரு காலைக் கரையில் வைத்தாள். மற்றக் கால் இன்னும் பாதையில்தான் இருந்தது.