சாவி வாங்கும் நாள்

நான் பயந்த சுபாவம். வீட்டை வாடகைக்கு விட்ட பிறகு அது முற்றிப்போயிற்று. ஓய்வுபெற்றபோது கைக்கு வந்ததையெல்லாம் போட்டு ஆரியசாலையில் ஒரு பழைய கான்கிரீட் வீட்டை வாங்கினேன். நாங்கள் இருப்பது கிழக்கேகோட்டை அக்ரஹாரத்தில். நடந்தே போய்ப் பார்த்துக்கொள்ளலாம், வருகிற வாடகையில் மருந்துச் செலவு ஓடும் என்று நினைத்தேன். வாங்கிய அன்றைக்கே, குடிவருகிறவர்கள் காலி பண்ணாமல் போனால் என்ன செய்வது என்ற பயம் பிடித்துக்கொண்டது.

காரணம் இல்லாமல் இல்லை. என் மாமாவுக்கு அதே தெருவில் ஒரு கடை இருந்தது. அதை வாடகைக்கு எடுத்தவர் போய், அவர் மகனும் போய், இன்றைக்குப் பேரன் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறான். மாமா கோர்ட்டுக்கு நடந்து நடந்தே போய்ச் சேர்ந்தார். என் வீட்டுக்கு அந்தக் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

யாருக்கு விடுவது? கல்யாணமாகாத பையன்கள் என்றால் தெருவே புகார் சொல்லும். பெரிய குடும்பம் என்றால் வேர்விட்டுவிடும். வக்கீலுக்கு மட்டும் கனவிலும் விடக் கூடாது. ரசீது தரலாமா? இந்த விலாசத்தில் ரேஷன் கார்டு எடுத்துவிட்டால் என்ன செய்வது? குழாய் ஒழுகினால் யார் மாற்றுவது, அவர்களே மாற்றிவிட்டால் அதையே காட்டி உரிமை கொண்டாடுவார்களோ? நான் இப்படிப் புலம்பிக்கொண்டிருக்க, என் மனைவி கறிகாய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "ஏன்னா, பேசாம பூட்டிப் போட்டுட்டுத் தினம் போய்ப் பூட்டை இழுத்துப் பாத்துண்டு வாங்கோ. அதான் உங்களுக்குத் தோது."

கடைசியில் பாறசாலைப் பக்கத்துத் தமிழ்ப் பெண் ஒருத்திக்கு விட்டேன். புருஷன் கல்ஃபில். இவள் சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்கு நிற்கிறாள். மூன்றாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் குழந்தை. புருஷன் திரும்பி வந்தால் சொந்த ஊரில் வீடு கட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று நான் ஒரு கணக்குப் போட்டேன்.

பத்திரம் எழுதிக் கொடுத்தவர் எனக்கு ஒரு உபாயம் சொன்னார். இங்கே எல்லோரும் செய்வது போல ஒப்பந்தம் பதினொரு மாதத்துக்குத்தான். அது முடிகிற அன்று சாவியைத் திருப்பி வாங்கிவிட வேண்டும். சாமான்கள் கிடக்கலாம், ஆள் கிடக்கக் கூடாது. ஒரு ராத்திரி வீடு நம் பூட்டில் இருக்க வேண்டும். மறுநாள் புது ஒப்பந்தம் போட்டுச் சாவியைக் கொடுத்தால், தொடர்ந்து இருந்தார்கள் என்ற பேச்சே வராதாம். சட்டத்தில் இதற்குக் காலணா மதிப்பில்லை என்று பின்னால் ஒரு வக்கீல் சிரித்தார். அன்றைக்கு எனக்கு அது வேதவாக்கு.

முதல் தடவை அன்று மழை இல்லை, நல்ல வெயில். அவள் முகம் கோணாமல் சாவியைக் கொடுத்துவிட்டு நாத்தனார் வீட்டுக்குப் போனாள். இரண்டாம் தடவை சரியாக இடவப்பாதி என்கிற ஜூன் மாத அடைமழையில் வந்து மாட்டியது. குழந்தைக்கு வேறு ஜலதோஷம். மழை கொஞ்சம் விட்ட பிறகு மாறினால் போதாதா என்று அவள் கேட்டாள். எனக்கு மாமாவின் கடை கண்முன் வந்து நின்றது. முடியாது என்று சொல்லிவிட்டேன். தாயும் மகளும் ஒரே குடைக்குள் வந்து சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

மத்தியானம் வீட்டைப் பார்க்கப் போனேன். குடியிருக்கும்போது நான் உள்ளே போவதில்லை; வருஷத்தில் இந்த ஒரு நாள்தான் எனக்குப் பார்க்கக் கிடைக்கும். படுக்கையறையில் கட்டிலுக்கு மேலே ஒரு பழைய புடவையை நான்கு மூலைக்கும் இழுத்துக் கட்டியிருந்தது. நடுவில் அது கனத்துத் தொங்கியது. என்னத்தை ஒளித்து வைத்திருக்கிறாள் என்றுதான் முதலில் தோன்றியது. ஒரு மூலையை அவிழ்த்தேன். காரைக்கட்டிகள் சரிந்து கட்டிலில் கொட்டின. நிமிர்ந்து பார்த்தால் மேலே பூச்சு பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தது. சுற்றிலும் ஈரம் ஊறி உப்பியிருந்தது.

நான் கதவுப் பக்கம் நகர்வதற்குள் தொப்பென்று ஒரு துண்டு விழுந்தது. இட்லித்தட்டு அகலம் இருக்கும். பூப்போட்ட சின்னத் தலையணை ஒன்று கிடந்தது, நேராக அதன் மேல்.

ஐயோ, அந்தக் குழந்தை! வாசற்படியில் வந்து உட்கார்ந்துவிட்டேன். நேற்று ராத்திரி அது அங்கேதான் படுத்திருந்தது. நாளைக்கு நான் சாவியைக் கொடுத்தால் மறுபடியும் அங்கேதான் படுக்கும். அடுத்த நிமிஷமே போலீஸ், கேஸ், பேப்பரில் பெயர் என்று என் புத்தி எனக்காகப் பயப்படப் போய்விட்டது. அதையும் சொல்லத்தான் வேண்டும். அப்படிப்பட்ட புத்தி என்னுடையது.

குழந்தையின் யூனிஃபார்மை மறந்துவிட்டோம் என்று இரண்டு பேரும் நனைந்துகொண்டு திரும்பி வந்தார்கள். அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். அவிழ்ந்து தொங்கும் புடவையையும் கட்டிலையும் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"நான் ஒண்ணும் பண்ணலை சார்," என்றாள்.

"ஏம்மா, எத்தனை நாளா இப்படி இருக்கு? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"சொன்னா ரிப்பேர்னு சொல்லி எங்களை எறக்கி விட்டுடுவீங்கன்னு பேடிச்சுட்டேன் சார். தனியா இருக்கிற பொம்பளைக்கு யாரு வீடு தருவாங்க?"

இவள் போக மாட்டாளே என்று நான் ஆரியசாலைத் தெருவில் நடுங்கிக்கொண்டிருந்தபோது, இவள், நான் போகச் சொல்லிவிடுவேனோ என்று பிள்ளையை அந்தக் கூரைக்குக் கீழே படுக்க வைத்திருக்கிறாள். மேலே காரை விழுகிற சத்தம் கேட்டுக் கேட்டு எத்தனை ராத்திரி விழித்திருந்தாளோ.

கூரையைச் சரிசெய்யாமல் இனி யாரும் இங்கே படுக்கக் கூடாது என்றேன். வேலை முடிகிறவரை எங்கள் வீட்டுப் பின்னறையில் வந்து இருக்கட்டும் என்றும் சொன்னேன். சொன்ன பிறகு எனக்கே திக்கென்றது. அவளுக்கும் நம்பிக்கை வரவில்லை. நாத்தனார் வீட்டிலேயே சமாளித்துக்கொள்கிறேன் என்றாள். ஆனால் போகாமல் நின்றாள்.

"சாவியை மாத்திரம் என்கிட்ட தாங்க சார். நான் உள்ள கேறமாட்டேன். கையில இருந்தா மதி, அது போதும்."

புது ஒப்பந்தம் போடவில்லை. பழையது அன்றோடு முடிந்துவிட்டது. இந்த நிலைமையில் மட்டும் சாவி அவர்கள் கைக்குப் போகவே கூடாது என்று பத்திரக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கதவைப் பூட்டி, பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுச் சாவியை உருவினேன்.

கொடுத்துவிட்டேன். அவள் அதை வாங்கி மகளின் பள்ளிக்கூடப் பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.