அந்தரத்தில் நின்ற இறக்கை

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அந்தக் கோடையில் எங்கள் வீட்டில் வாயே திறக்காதவர் அப்பா ஒருவர்தான். நான் எங்கே படிக்க வேண்டும் என்பதில் மாப்பிள்ளையூரணியில் எங்கள் தெருவே கருத்துச் சொன்னது. இடம் கிடைத்திருந்தது இரண்டு கல்லூரிகளில்: தூத்துக்குடியில் பி.காம்., சென்னையில் இயற்பியல். உள்ளூர் என்றால் பஸ் ஏறிப் போய்விட்டுச் சாயங்காலம் வீடு திரும்பிவிடலாம் என்றாள் அம்மா. அம்மாவின் அண்ணன், துறைமுகச் சரக்குகளுக்குச் சுங்கக் காகிதம் பார்க்கும் கிளியரிங் ஆபீஸில் இருப்பவர். பி.காம். முடித்த மறுநாளே அங்கே எனக்கு நாற்காலி தயார் என்றார். எனக்கோ இயற்பியல் என்றால் உயிர். அப்பாவிடம் கேட்டால் பார்ப்போம் என்பார். பற்றிக்கொண்டு வரும் எனக்கு. பெற்ற மகளுக்காக ஒரு வார்த்தை பேசினால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்?

கல்லூரியில் சேர மறுநாள் கடைசி நாள். சேர்க்கை விண்ணப்பத்தில் அப்பாவின் கையெழுத்து வேண்டும். அவரோ துறைமுகத்தில் ஷிஃப்ட் முடித்து அடுத்த ஷிஃப்டும் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா எனக்கு ஒருநாள் பாஸ் வாங்கி உள்ளே கூட்டிப்போனார். அவர் தோல்பையில் பி.காம். விண்ணப்பம். கேட்டில் மாட்டிவிட்ட தொளதொள ஆரஞ்சு ஜாக்கெட்டுக்குள் சென்னை விண்ணப்பத்தை நான் ஒளித்து வைத்திருந்தேன்.

கப்பலை நான் கரையிலிருந்து விரல் அளவில்தான் பார்த்திருக்கிறேன். கிட்டத்தில் அது கடலையே மறைத்துக் கட்டிய சுவர். அதன் இரண்டு கிரேன்களும் சேர்ந்து ஒரு காற்றாலை இறக்கையைத் தூக்கிக்கொண்டிருந்தன. அம்மாடி! எங்கள் தெருவில் கிடத்தினால் முதல் வீட்டில் தொடங்கிக் கடைசி வீட்டைத் தாண்டிவிடும். அத்தனை பெரிய பொருள் பஞ்சு மாதிரி மேலே போயிற்று. கப்பல் விளிம்பில் மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஓர் ஆள் கையை உயர்த்தி ஆள்காட்டி விரலைச் சுழற்றிக்கொண்டிருந்தார். விரல் வேகம் குறைந்தால் இறக்கையும் வேகம் குறைந்தது. விரல் நின்றால் அதுவும் நின்றது.

அந்த ஆள் அப்பா. குழம்பில் உப்பு இல்லை என்று சொல்லக்கூடத் தயங்குகிற என் அப்பா. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

மாமாவுக்குப் பொறுமை இல்லை. அப்பாவைக் கூப்பிட இரண்டு கைகளையும் தலைக்கு மேலே ஆட்டினார். அவ்வளவுதான், இரண்டு கிரேன்களும் நின்றுவிட்டன. இறக்கை அந்தரத்தில் லேசாக ஆடியது. கீழே இருந்தவர்கள் எல்லோரும் மாமாவையே பார்த்தார்கள். அப்பா திரும்பிப் பார்த்து, அங்கேயே நிற்கும்படி எங்களுக்கு உள்ளங்கையைக் காட்டினார். பிறகு நிதானமாக மறுபடி விரலைச் சுழற்றினார். இறக்கை கப்பலுக்குள் போய் அமர்ந்த பிறகே ஏணி வழியாக இறங்கி வந்தார்.

"லோடு தொங்கும்போது ஒருத்தன் கைக்குத்தான் கிரேன் கேக்கும், மச்சான். நிப்பாட்ட மட்டும் எவன் கையத் தூக்குனாலும் நின்னுரும். அதனால சும்மா தூக்கப்படாது."

மாமாவின் முகம் சுண்டிப்போயிற்று. பையிலிருந்து பி.காம். விண்ணப்பத்தை எடுத்து நீட்டினார். நானும் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து என்னுடையதை உருவினேன். மாமாவுக்குக் கண் பிதுங்கியது. அப்பா பேனாவைத் திறந்தார். இரண்டையும் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏளா, இது உன் லோடு. நீ கையக் காட்டு."

இடது கையில் சென்னை விண்ணப்பத்தைப் பிடித்துக்கொண்டு வலது கையை உயர்த்தினேன். ஜாக்கெட்டின் கை முழங்கை வரை சரிந்தது. ஆள்காட்டி விரலைச் சுழற்றினேன்.

அப்பா அதை வாங்கி, மாமாவின் தோல்பை மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். மாமா பதறிக் கையைத் தூக்கினார். பிறகு கிரேனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, கையை மெல்லப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார்.